எந்திரனின் முன்னோர்கள்



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து ஒரகடத்தின் பக்கம் திரும்பினால், ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே தொழிற்சாலைகள் அணிவகுத்து நிற்பதைக் காணலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் கூட்டுத் தொழிற்சாலை 2010 மார்ச்சு மாதத்தில் திறக்கப்பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில், இயக்குநர் ஷங்கரின் 'எந்திரன்' திரைக்கு வந்தது. தொழிற்சாலையில் இயந்திரக் கை காருடலைப் பற்றவைக்கிறது; திரையில் இயந்திர மனிதன் காதல் கொண்டு கலகம் செய்கிறான். இவ்விருவரும் உறவினர்களா? உறவினர் எனின் எவ்வழி உறவு? இதனையே இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

ஒரு படைப்பாளி தமக்கு முன்னிருந்தவரை நினைந்து தம் படைப்புக்குள் ஓர் அடையாளத்தைப் பொதிந்து வைப்பதுண்டு. சில அடையாளங்கள் வெளிப்படையானவை, சில மறைவானவை. இவ்வழக்கம் திரைப்படத்துடன் பிறந்ததன்று. மணிமேகலை ஆசிரியர் சாத்தனார், திருக்குறளின் ஒரு குறளைத் தம் காப்பியத்திலே எடுத்தாண்டு, அதனை யாத்த புலவரையும் போற்றிச் செல்கிறார். நம் உரையாசிரியர்களோ, ஒரு நூலின் சொல்லும் கருத்தும் எந்நூலிலிருந்து வந்தன என்று தேடிக் காட்டுவதையே தம் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டனர். திரைப்படத்தில் மறைகுறிப்புகளைத் தேடும் இன்றைய இளைஞர், தம்மை அறியாமலே அவ்வுரையாசிரியர் மரபைத் தொடர்கின்றனர் என்பேன்.

ஆயினும், தேடுவோர்க்குக் கட்டுப்பாடு வேண்டும். கண்ட ஒற்றுமையையெல்லாம் குறிப்பு என்று கொள்வது ஆராய்ச்சியாகாது. ஆகவே மூன்று கேள்விகளைக் கைக்கொள்ளுங்கள். முதலாவது: பின்னவர் முன்னவரின் படைப்பை அறிந்திருக்கக் கூடுமா? இரண்டாவது: ஒற்றுமை பொதுவானதா, குறிப்பிட்ட நுண்ணிய ஒன்றா? மூன்றாவது: அவ்வொற்றுமையை அறிந்தபின் காட்சியின் பொருள் சற்றேனும் ஆழம் பெறுகிறதா?

தெளிவான சான்று ஒன்று காண்போம். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பொன்னிற இயந்திர மனிதன் ஒருவன் வருகிறான். அவனுடைய உருவை முதலில் வரைந்த ஓவியர் ரால்ஃப் மக்குவாரி. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1927-இல், ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபொலிஸ்' என்ற ஊமைப்படத்தின் இயந்திரப் பெண்ணே அவ்வோவியத்துக்கு மூலம். உலோக முகம், மூட்டுகளின் அமைப்பு, மார்புத் தகடு ஆகியவை அவ்வுறவைப் பறைசாற்றுகின்றன. முதலிரு கேள்விகளுக்கும் இங்கே உறுதியான விடை உண்டு.

இனி 'எந்திரன்' கதைக்கு வருவோம். விஞ்ஞானி வசீகரன் தம் உருவிலேயே 'சிட்டி' என்னும் இயந்திர மனிதனைப் படைக்கிறார். இருவராகவும் ரஜினிகாந்தே நடித்திருக்கிறார். 'மெட்ரோபொலிஸ்' படத்திலும் இத்தகைய அமைப்பு உண்டு. ராட்வாங் என்னும் விஞ்ஞானி, தொழிலாளரால் நேசிக்கப்படும் மரியா என்ற நங்கையின் முகத்தைத் தம் இயந்திரத்துக்கு அளிக்கிறான். இரு வேடங்களையும் ஏற்றவர் பிரிகிட்டே ஹெல்ம் என்ற ஒரே நடிகை. அப்போலி மரியா கலகத்தைத் தூண்டி நகரத்தை அழிவின் விளிம்புக்குக் கொணர்கிறாள். ஆகவே சிட்டி அவளுடைய வழித்தோன்றல் என்று சொல்லிவிடலாமா? பொறுங்கள். இரட்டை வேடம் தமிழ்த் திரைக்குப் புதியதன்று. 1940-இல் பி. யு. சின்னப்பாவும், 1958-இல் சிவாஜி கணேசனும் 'உத்தமபுத்திரன்' என்ற பெயரிலே வந்த இரு படங்களில் நல்லவனாகவும் தீயவனாகவும் தோன்றினர். சிட்டியிடத்தில் ஜெர்மானிய மரபும் நம் மரபும் கலந்துள்ளன. இவற்றுள் நம் மரபே நெருங்கிய உறவு என்பது என் துணிபு.

இரண்டாவது காட்சி இன்னும் நுட்பமானது. பேராசிரியர் போரா சிட்டியைச் சோதிக்கிறார். வசீகரனைக் குத்துமாறு ஆணையிடுகிறார். சிட்டியும் அதற்கு முனைகிறான். இயந்திரம் ஆபத்தானது என்று அவை முடிவு செய்கிறது. ஐசக் அசிமோவ் என்ற எழுத்தாளர் 1942-இல் ஒரு சிறுகதையில் இயந்திர மனிதர்க்கு மூன்று விதிகளை வகுத்தார். மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது என்பது முதல் விதி. மனிதனின் ஆணைக்குப் பணிதல் வேண்டும், ஆனால் அப்பணிவு முதல் விதியை மீறலாகாது என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் கெடாதவாறு தன்னைக் காத்துக்கொள்ளல் வேண்டும் என்பது மூன்றாவது. இதை அறிந்தவர்க்குச் சோதனைக் காட்சியின் பொருள் உடனே விளங்கும். சிட்டியிடம் இரண்டாம் விதி இருக்கிறது. முதல் விதி இல்லை. பணிவு மட்டும் இருந்து அறம் இல்லாத கருவி, ஏவுவோன் எவனோ அவன் கைவாளாகும் என்பதை அக்காட்சி சொல்கிறது. நம் மூன்றாவது கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை கிடைப்பது அரிது.

மூன்றாவதாக, வீட்டருகே உள்ள முன்னோர் ஒருவர். 'எந்திரன்' படத்துக்கு வசனம் எழுதியவர்களுள் ஒருவர், 2008-இல் மறைந்த எழுத்தாளர் சுஜாதா. அவர் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா' நாவலில் ஜீனோ என்ற இயந்திர நாய் வருகிறது. விளையாட்டுப் பொருளாக வந்த அந்நாய் படிக்கிறது, சிந்திக்கிறது, மனிதர்க்கு வழிகாட்டுகிறது. 'எந்திரன்' கதையின் முடிவில், 2030-ஆம் ஆண்டின் காட்சிசாலையில் கழற்றி வைக்கப்பட்டிருக்கும் சிட்டி, தான் சிந்திக்கத் தொடங்கியதே தன் நிலைமைக்குக் காரணம் என்று பள்ளிச் சிறுமியிடம் கூறுகிறான். ஜீனோவை அறிந்தவர்க்கு அச்சொல்லில் ஒரு துயரம் கூடுதலாகக் கேட்கும்.

ஐயத்துக்குரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 1963-இல் எம். ஜி. ராமச்சந்திரனும் பானுமதியும் நடித்து, ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' வெளிவந்தது. விஞ்ஞானத்தில் உயர்ந்தும் கலையில் வறண்ட வேற்றுலகத்தார், கலை கற்பிக்க இப்பூவுலகப் பெண்ணைக் கவர்ந்து செல்வதே அதன் கதை. அறிவு நிறைந்து உணர்ச்சி அற்றுத் தொடங்கும் சிட்டியை அக்கதை நினைவூட்டுகிறது. ஆனால் ஒற்றுமை பொதுவானது. நுண்ணிய அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே இதனை ஐயம் என்றே குறித்து வையுங்கள்.

முற்றும் தள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் அவதரித்த தலம். அங்குள்ள ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்யப்பெற்ற திருவுருவம் இருக்கிறது. அவரே அதனைத் தழுவித் தம் சக்தியை அதில் நிலைபெறச் செய்தார் என்பது ஐதீகம். அதனால் 'தானுகந்த திருமேனி' என்று அதனை வழங்குவர். தம் உருவைத் தாமே உயிர்ப்பித்தல் என்ற ஒற்றுமை கண்டு, 'எந்திரன்' இதனையே குறிக்கிறது என்று ஆர்வமிகுந்த மாணவர் கூறக்கூடும். கூறலாகாது. அழகான தற்செயல் வேறு, படைப்பாளியின் குறிப்பு வேறு. முன்னதை மகிழ்ந்து நோக்கலாம். சான்று என்று காட்டலாகாது.

இவ்வளவும் எதற்கு, விளையாட்டுக்கா என்று நீங்கள் வினவலாம். எல்லாக் குறிப்புகளிலும் ஆழமானது 'ரோபோ' என்ற சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தில்தான் அச்சொல் முதன்முதலாக வந்தது. அதனைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். 'ரொபோட்டா' என்றால் செக் மொழியில் நிலவுடைமையாளனுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்பு. நம் நாட்டில் வெட்டி என்றார்களே, அதுதான். நாடகத்தின் களம் ஒரு தொழிற்சாலை. ஆக, அச்சொல் பிறந்தது உழைப்பைப் பற்றிய கவலையிலிருந்து. 'மெட்ரோபொலிஸ்' படத்தில் தொழிலாளர் நிலத்தடியில் வாழ்கின்றனர். அவர்களுடைய கடிகாரத்தில் பத்து மணிகளே உள. அது அவர்களின் வேலை நேரம். தமிழ்நாட்டில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்டிக்க வழிசெய்த மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழவே, மே முதல் நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 1927-இன் கடிகாரம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை.

தொழிற்சாலையில் முதல் இயந்திரக் கை 1961-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியேற்றது. அச்சில் வார்த்தெடுத்த சூடான உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பது அதன் வேலை. அதனைத் தொழில்துறைக்குக் கொணர்ந்த ஜோசப் எங்கல்பெர்கர், அசிமோவின் கதைகளால் ஊக்கம் பெற்றவர். திரைக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள உறவு இப்போது விளங்குகிறதன்றோ? ஆயினும் வெல்டிங் செய்யும் அக்கைக்கு அசிமோவின் விதி தெரியாது. எதிரே இருப்பது தகடா மனிதனா என்று அது தானாகப் பிரித்தறிவதில்லை. எனவே அதனைச் சுற்றி வேலி இடுகின்றனர். வேலிக் கதவு திறந்த மாத்திரத்தில் கை நின்றுவிடுமாறு அமைக்கின்றனர். கதையில் இயந்திரத்தின் மூளைக்குள் இருந்த முதல் விதி, இங்கே வேலியிலும் விசையிலும் சட்டத்திலும் இருக்கிறது. அதனைக் காக்க வேண்டியவர் மனிதரே.

நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை அவ்வேலியின் அருகே பணியாற்றுவீர்கள். சிலர் அதனை வடிவமைப்பீர்கள். சிலர் படம் எடுப்பீர்கள். பழைய விஞ்ஞானப் படம் ஒன்றைக் காணும்போது, எங்கே எது ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். உறுதி, ஐயம், தற்செயல் என்று மூன்றாக வகைப்படுத்தி ஏட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும், இக்கதையில் உழைப்பவன் யார், ஆணையிடுபவன் யார் என்ற கேள்வியையும் எழுதுங்கள். சாப்பெக் தம் சொல்லுக்குள் வைத்துச் சென்றது அந்தக் கேள்வியைத்தான்.