ஏற்றத்தில் மட்டும் சூடாகும் வண்டி

புனேயில் பழைய கார்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான். திரும்பத் திரும்பப் படுத்துகிற செகண்ட் ஹேண்ட் வண்டியை என்ன செய்வது என்று இந்த நிகழ்ச்சியில் பேசச் சொன்னார்கள். பேட்டரி, கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ஆனால் வண்டி சூடாவதைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புனே மேட்டு ஊர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர். மும்பையிலிருந்து வந்தால் போர் காட், சாத்தாரா போனால் காத்ரஜ், அப்புறம் கம்பாட்கி. மலைப்பாதையை இங்கே 'காட்' என்பார்கள். 2002-இல் மும்பை-புனே விரைவுச்சாலை முழுசாகத் திறப்பதற்கு முன்னால், போர் காட்டின் கண்டாலா ஏற்றத்தில் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு கார்கள் நிற்கும். குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினியில் பெட்ரோல் பம்பு எஞ்சினை ஒட்டியே இருந்தது. ஏற்றத்துச் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், பம்பால் இழுக்க முடியாது, வண்டி நின்றுவிடும். விவரம் தெரிந்த டிரைவர் பம்பு மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். தெரியாதவர் கார்பரேட்டரைக் கழற்றுவார். தேநீர் குடித்து வந்தவர் கிளம்பிப் போய்விடுவார், இவர் அங்கேயே இருப்பார். இன்றைய கார்களில் பம்பு டேங்குக்குள்ளேயே இருப்பதால் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் பார்க்காமலே கழற்றுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவர் வந்தார். கையில் பில் ஒரு கட்டு. "தெர்மோஸ்டாட் மாத்தியாச்சுண்ணே, வாட்டர் பம்பு மாத்தியாச்சு, ஃபேன் மோட்டாரும் புதுசு. ஊருக்குப் போறப்ப கம்பாட்கியில டெம்பரேச்சர் முள்ளு சரசரன்னு ஏறுது."

"சிக்னல்ல நிக்கும்போது ஏறுதா?"

"இல்லண்ணே."

"திரும்பி வரும்போது?"

யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்பவும் இல்ல" என்றார். திரும்பி வருகிற பாதை சுரங்கம் வழியாக இருந்தது, போகிற பாதைதான் வளைந்து வளைந்து ஏறியது.

நேயர்களே, பாதி வைத்தியம் இந்த இரண்டு கேள்வியில் முடிந்துவிடும். நின்றால் சூடாகி, ஓட ஓடத் தணிந்தால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போதும் ஏற்றத்திலும் சூடானால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம். இவர் வண்டியில் ஃபேன் மோட்டாரை மாற்றியதற்குக் காரணமே கிடையாது.

வண்டியை ராத்திரி விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். காலையில், எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது பார்த்தால், பக்கத்து ரிசர்வ் டப்பா விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே நாலு விரற்கடை காலி! (சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியில் கை வைத்துவிடாதீர்கள், முகமே வெந்துவிடும்.) தினமும் டப்பாவை மட்டும் பார்த்துவிட்டு, தண்ணீர் இருக்கிறது என்று நம்பியிருக்கிறார் தம்பி.

அந்த மூடி ஒரு சின்ன அதிசயம். புனே உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங், குக்கர் வெயிட் மாதிரி அழுத்தம் கொடுத்து, 115 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் பிடித்து வைக்கிறது. அதன் நடுவில் இன்னொரு குட்டி வால்வு. சூட்டில் விரிந்து டப்பாவுக்குப் போன கூலன்ட்டை, எஞ்சின் ஆறும்போது திரும்ப உள்ளே இழுத்துவிடுவது அதன் வேலை. இவர் மூடியில் ரப்பர் வாஷர் கருவாடாகக் காய்ந்து, சுற்றிலும் முடியளவு வெடிப்பு. நகத்தால் கீறினேன், பொடியாக உதிர்ந்தது. அழுத்தமும் நிற்கவில்லை, போன கூலன்ட்டும் திரும்பவில்லை. நானா பேட்டில் சில நூறு ரூபாய்க்குப் புது மூடி வாங்கிப் போட்டு, கூலன்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றி அனுப்பினேன். காட் தாண்டியதும் போன் வந்தது. முள் நடுவைவிட்டு அசையவில்லையாம்.

போர்வெல் தண்ணீரை ஊற்றி ரேடியேட்டரில் உப்பு படியவிட்ட கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அதற்கெல்லாம் நேரமில்லை, எதிரே அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பேட்டரி? காலையில் மட்டும் மக்கர் செய்தால், புதுசு வாங்குவதற்கு முன் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டிப் பாருங்கள். கிளட்ச், பிரேக் இன்னொரு நாள். மெக்கானிக்கிடம் போகும்போது எப்போது, எந்த ரோட்டில், ஏசி போட்டா போடாமலா என்று நாலு வரி எழுதி எடுத்துப் போங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். பொங்கலுக்குக் காரில் ஊருக்குப் போகிறவர்கள் வழியில் எங்கும் பானெட்டைத் தூக்காமல் போய்ச் சேர வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.