மீன் தொட்டியும் கிணற்று நீரும்

(கோப்பாய்க் கமக்காரர் முன் ஆற்றிய உரை)



கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, அலங்கார மீன் வளர்த்து, தோட்ட வருவாயோடு ஓர் உபவருவாயும் பெறலாமோ என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். எண்ணம் நன்றே. ஆயினும், மீன் வாங்குமுன் நீரை அறிதல் வேண்டும். உங்கள் கிணற்று நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அத்தெளிவு எதற்கும் சான்றாகாது.

வலிகாமத்தின் செம்மண்ணுக்கு அடியிலே கிடப்பது சுண்ணாம்புப் பாறை. மாரி மழை மண்ணினூடாக இறங்கி, அப்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகின்றது. கிணற்றில் நாம் காண்பது அந்நீரையே. அது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால் வன்னீராயிருக்கும். கேத்திலின் உட்புறத்தில் வெள்ளை படிவதை உங்கள் வீட்டுப் பெண்கள் நன்கறிவர். அடியிலே கடலுவர் நீர். அதன்மேல் நன்னீர் மிதக்கின்றது. அயலிலுள்ள நிலாவரைக் கிணற்றிலும் மேல்நீர் நன்னீர், ஆழத்து நீர் உவர்நீர். நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழுள்ள உவர்நீர் எல்லை ஏறத்தாழ 40 அடி மேலெழ முற்படும் என்பது நிலநீர் நூலார் கணிப்பு. உப்பாற்றுப் பக்கமாய்க் காணி வைத்திருப்போர் கோடையில் இயந்திரத்தை நெடுநேரம் ஓடவிட்டு இறைத்தால் நேர்வது என்னவென்று இதனால் விளங்கும்.

மூன்றாவது பொருள் கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாதது, அதுவே நைத்திரேற்று. நாம் இடும் யூரியாவிலும் எருவிலும் உள்ள நைதரசனில் பயிர் உண்டது போக எஞ்சியது, நீர்ப்பாய்ச்சலோடும் மாரியோடும் கீழிறங்கிக் கிணற்றைச் சேருகின்றது. மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடக்கப்பட்டிருப்பதை ஆய்வாளர் பல ஆண்டுகளாகக் கண்டு கூறியுள்ளனர்.

இனித் தொட்டிக்கு வருவோம். மீன் தன் செவுள்வழியே அமோனியாவை வெளிவிடுகின்றது. தின்னாது விட்ட தீனும் கழிவும் அழுகுவதனாலும் அமோனியா உண்டாகும். ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும். வேறொருவகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். முதலிரண்டும் கடுநஞ்சு, மூன்றாவது மெல்ல வருத்துவது. புதுத் தொட்டியில் இப்பற்றீரியாக்கள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் செல்லும். தொட்டி கட்டிய வாரமே மீனை நிறைத்து, பத்தாம் நாள் செத்த மீனை அள்ளி எறிபவர்கள் இக்காலத்தைப் பொறுக்காதவர்களே. வெங்காயத்துக்கு நிலம் பண்படுத்தாமல் நடுவீர்களா?

நமது நீரின் காரத்தன்மை இங்கே ஓர் இடரைக் கூட்டுகின்றது. வெப்பம் 30 பாகை சதமவளவையாயிருக்க, நீரின் பீ.எச். 7 ஆயின் மொத்த அமோனியாவில் நூற்றிலொரு பங்குகூட நஞ்சுருவில் இராது; பீ.எச். 8 ஆயின் 7 பங்குக்கு மேல் நஞ்சாய் நிற்கும். ஆகவே மழைநீர்த் தொட்டியில் மீன் தாங்கிய அழுக்கை நமது கிணற்று நீர்த் தொட்டியில் தாங்காது. புதுச் சீமெந்தும் காரத்தைக் கக்கும். மூன்று வாரமாவது நீர் நிறைத்து, பலமுறை மாற்றி, பின்னரே மீன் விடுக. வடிகட்டிக்குச் சுண்ணக்கல்லையும் முருகைக்கல்லையும் சிப்பியையும் இடாது, கருங்கற் சல்லியை இடுக.

அண்மைக் காலத்தில் தென்னமெரிக்க நன்னீர்த் திருக்கைகளைப் பலர் விரும்பி வளர்க்கின்றனர். திருக்கை என்றதும் நம்மவர்க்குக் கறிச்சட்டியே நினைவுக்கு வரும். இதுவோ அமேசன், ஒரினோக்கோ போன்ற ஆறுகளில் வாழ்வது. கடற்றிருக்கை தன் குருதியில் யூரியாவைத் தேக்கிவைத்துக் கடலுப்பை எதிர்கொள்ளும். ஆற்றுத் திருக்கை அவ்வாற்றலை இழந்து, கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகவே விடுகின்றது. இறைச்சித் தீன் தின்பதால் அக்கழிவும் மிகுதி. அடியிற் கிடப்பதால், அடியிற் படியும் அழுக்கின்மேலேயே படுத்துக்கொள்கின்றது. செதிலற்ற அதன் தோல் செம்பு கலந்த மருந்தைத் தாங்காது. வாலிலோ நச்சுமுள். குத்தினால், தாங்கக்கூடிய சூட்டுநீரில் அவ்வுறுப்பை அமிழ்த்தி வைத்துக்கொண்டே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். இவற்றுள் 7 இனங்கள் 2022ஆம் ஆண்டில் பனாமாவில் கூடிய மாநாட்டில், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. உயிர்மீன் இறக்குமதிக்கு அனுமதியும் வேண்டும். வன்னீரும் நைத்திரேற்றும் மிகுந்த நமது ஊரில் புதிதாய்த் தொடங்குபவருக்கு இம்மீன் ஏற்றதன்று என்பதே என் கருத்து. கப்பி போன்ற சிறுமீன்கள் வன்னீரை விரும்பி ஏற்கும்; அவற்றில் தொடங்குக. எம்மீனாயினும் வேண்டாமென்று குளத்திலோ கிணற்றிலோ விடுதல் தகாது.

நீர் மாற்றுவது பற்றி ஒரு கணக்குச் சொல்வேன். தொட்டி நீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 100 மில்லிகிராம். கிணற்று நீரில் 60. பாதி நீரை மாற்றினால் 80 ஆகும். மீண்டும் பாதி மாற்றினால் 70. எத்தனை முறை மாற்றினும் 60க்குக் கீழே இறங்காது. நூல்கள் நீரை மாற்றுக, நீரை மாற்றுக என்று கூறுவது நல்ல நீருள்ள நாட்டாருக்குப் பொருந்தும். நமக்கு வழி மழைநீரே. ஐப்பசி முதல் மார்கழி வரை கூரையில் விழும் நீரை, முதல் மழையைக் கழித்துவிட்டு, மூடிய தொட்டியிற் சேர்த்துப் பாதிக்குப் பாதி கலந்தால் வன்மையும் நைத்திரேற்றும் பாதியாகும். மழைநீரைத் தனியே பயன்படுத்தல் கூடாது; அதிற் சுண்ணாம்பு இன்மையால் பீ.எச். சடுதியாக இறங்கிவிடும். கிணற்றுக்கு வெளிற்றும் தூள் இட்ட நாட்களில் அந்நீரைத் தொட்டிக்கு எடாதீர்கள்; குளோரீன் மீனையும் கொல்லும், பற்றீரியாவையும் கொல்லும்.

கழிக்கும் நீரை எங்கே விடுவது? கிணற்றடியில் ஊற்றினால் அது வந்த வழியே மீளும். தோட்டத்துக்குப் பாய்ச்சுக. 6 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி நீர் கொண்ட தொட்டி ஏறத்தாழ 1,700 இலீற்றர் கொள்ளும். நைத்திரேற்று 100 மில்லிகிராமாயின், முழுத் தொட்டியிலும் 38 கிராம் நைதரசன் இருக்கும்; அஃது ஏறத்தாழ 83 கிராம் யூரியாவுக்குச் சமம். பசளைச் செலவை இது மிச்சப்படுத்தும் என்று சொல்வது மிகை. ஆனால் உப்போ மருந்தோ இட்ட நீரைப் பாத்திக்கு விடாதீர்கள். மிளகாயும் போஞ்சியும் உப்பைப் பொறா.

இதே கணக்கைக் கிணற்றுக்குப் போட்டுப் பாருங்கள். நைத்திரேற்று 50 மில்லிகிராமுள்ள கிணற்று நீரை ஒரு பரப்பு நிலத்துக்கு ஓரங்குல அளவில் 20 முறை பாய்ச்சினால், நீரோடு மட்டும் 3 கிலோகிராமுக்கு மேற்பட்ட யூரியாவுக்குச் சமமான நைதரசன் நிலத்துக்குச் செல்கின்றது. அதைக் கழிக்காமல் முழு யூரியாவையும் இடுபவர் தம் பணத்தையே கிணற்றுக்குள் கரைக்கின்றார்.

பணம் போவது சிறிது. நைத்திரைற்று மிகுந்த தொட்டியில் மீனின் செவுள் கபில நிறமாகும். மீன் நீரின்மேல் வந்து வாய் பிளக்கும். நீரில் ஒட்சிசன் இருந்தும் குருதி அதனைச் சுமக்க முடியாத நிலை அது. கைக்குழந்தையின் வயிற்றிலும் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி அதே தீங்கைச் செய்யும். புட்டிப்பால் கரைத்த நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பின், குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கே ஆபத்து அதிகம். கொதிக்கவைத்தால் நீங்குமென்று நம்பாதீர்கள். நீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. மீனுக்காக நீரைப் பரிசோதிப்பவர் முதலில் அவ்வீட்டுக் குழந்தையின் பொருட்டுப் பரிசோதிக்கின்றார் என்றே நான் கொள்வேன்.

நாளாந்த வேலை அதிகமில்லை. ஐந்து நிமிடத்துக்குள் தின்று தீரும் அளவே தீன் இடுக. எஞ்சியதை உடனே அகற்றுக. அடியிற் படிந்த அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க. வடிகட்டிக் கற்களைத் தொட்டி நீரிலேயே அலசுக. வெப்பம் மிக்க நாட்களில் நீரில் ஒட்சிசன் குறையும். 30 பாகையில் நன்னீர் இலீற்றருக்கு ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் மட்டுமே கொள்ளும். பச்சை பூத்த தொட்டியில் விடியற்காலையே பொல்லாத வேளை. மின்சாரம் தடைப்பட்டால் அன்று தீன் இடாது, வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுக.

மாதிரி எடுக்கும் முறையையும் கேளுங்கள். இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டபின், சுத்தமான போத்தலை அந்நீராலேயே மும்முறை அலசி, வாய்வரை நிறைத்து மூடுக. கிணற்றின் இடத்தையும் திகதியையும் எழுதி ஒட்டி, நிழலிலே வைத்து அன்றே கொண்டுசெல்க. எங்கே கொடுப்பதென்பதை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறியலாம். மாரி முடிந்ததும் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை எடுத்தல் நன்று. இரண்டுக்குமிடையே உவரும் நைத்திரேற்றும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைக் கண்டபின், தொட்டிக்கு எவ்வளவு மழைநீர் சேர்ப்பது, பாத்திக்கு எவ்வளவு யூரியா குறைப்பது என்பனவற்றை நாம் கூடிப் பேசலாம்.