கட்டணச் சுவரும் கணக்கில் வாரா வாசகரும்



செய்தி விலைக்கு வருவது புதிதன்று. நாளிதழை மக்கள் என்றும் காசு கொடுத்தே வாங்கினர். ஆயினும் ஒருவர் வாங்கிய இதழைத் தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் பத்துப் பேர் படித்தனர். விலை தாளுக்கு இருந்தது. படிப்போர் கண்ணுக்கு இல்லை. இணைய இதழியலில் எழுந்த கட்டணச் சுவர் படிக்கும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே விலை கேட்கிறது. அதன் விளைவை ஆராயப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. கட்டணம் செலுத்தி உள்ளே வந்தவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். வாயிலில் நின்று திரும்பிப் போனவர் பெயர் எங்கும் இராது.

நியூயார்க் டைம்ஸ் இதழின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 2005 செப்டம்பரில் அவ்விதழ் தன் புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர்களின் கட்டுரைகளைக் கட்டணத்துக்குள் வைத்தது. ஏறத்தாழ 2,27,000 பேர் பணம் செலுத்தினர். ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் அளவில் வருவாய் கிட்டியது. இருந்தும் 2007 செப்டம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. தேடுபொறிகளின் வழியே வந்து கதவு மூடியிருக்கக் கண்டு திரும்பியோர் மிகப் பலர். அவர்களை உள்ளே விட்டால் விளம்பர வருவாய் அதனினும் பெருகும் என்று நிறுவனம் கருதியது. கணக்கில் வாராத வாசகரே அன்று சுவரை இடித்தனர்.

அவர்களை அளந்து காட்ட முயன்ற ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. லெஸ்லி சியூ, கேத்தரின் டக்கர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர், அமெரிக்க உள்ளூர் இதழ்கள் இணையத்தில் கட்டணம் வைத்ததன் விளைவை ஆராய்ந்தனர். வருகை 51 விழுக்காடு வீழ்ந்ததை அவர்கள் கண்டனர். அவ்வீழ்ச்சி இளையோரிடையே மேலும் கடுமையாக இருந்தது. பாதிப்பேர் போயினர் என்பதைவிட, போனவர் யார் என்பதே கவலைக்குரியது. இளமையில் ஊர்ச்செய்தி படிக்கும் பழக்கம் வாய்க்காதவர், முதுமையில் அதற்குச் சந்தா கட்டுவர் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

சுவரைப் பழிப்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. செய்தியாளருக்கும் வயிறு உண்டு. நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில் மீண்டும் கட்டணம் வைத்தபோது, மாதம் 20 கட்டுரைகளை யாவருக்கும் திறந்து விட்டது. 2012இல் அதனை 10 ஆகக் குறைத்தது. 2023இல் அதன் சந்தாதாரர் ஒரு கோடியைக் கடந்தனர். விளம்பரம் தேய்ந்த காலத்தில் இதழைத் தாங்கி நின்றது வாசகர் தந்த பணமே. எனினும் உலகப் புகழ் கொண்ட இதழுக்கு இயன்றது, ஒரு சிற்றூரின் நகராட்சிச் செய்தியைத் தாங்கி வரும் சிறிய இதழுக்கும் இயலும் எனக் கொள்வது பிழை.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலம் மற்றோர் உண்மையை உணர்த்திற்று. இவ்விதழும் பிற பல இதழ்களும் நோய் பற்றிய இன்றியமையாச் செய்திகளைக் கட்டணமின்றித் திறந்து வைத்தன. உயிர் காக்கும் செய்தியை விலைக்குள் பூட்டுதல் தகாது என்பதை இதழ்களே ஒப்புக்கொண்ட தருணம் அது. ஆகவே, சுவர் வேண்டுமா வேண்டாவா என்று வழக்காடுவதினும், எச்செய்தி சுவருக்கு வெளியே நிற்க வேண்டும் என்று கேட்பதே பயனுடையது. தேர்தல், வெள்ளம், நோய், நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவை அறியாதவனையும் தாக்குவன. அவற்றின் செய்தியும் அவனை எட்டியாக வேண்டும்.

பரிசில் பெற்ற கலைஞன் பெறாதவனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை மரபைத் தமிழ் நன்கறியும். இன்று சந்தாதாரர் ஒருவர் தாம் படித்ததை நண்பருக்கு அனுப்பினால், வழி சரியாகவே இருக்கிறது, வாயில்தான் அடைத்திருக்கிறது. அவ்வாயிலில் நின்று திரும்புவோரையும் எண்ணிச் சொல்லும் ஆய்வே இத்துறையில் நிறைவுடைய ஆய்வாகும்.