வாயில் எண்ணும் காவலும்



மருத்துவமனையில் நோயாளியின் பதிவைத் தேடுவோரும், வங்கியில் கணக்கைப் பார்ப்போரும், ரயிலுக்கு முன்பதிவு செய்வோரும் இன்று கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏட்டறையின் கதவைத் தட்டுகின்றனர். அதற்குத் தரவுத்தளம் என்று பெயர். அதனைச் சூழ்ந்து நிற்கும் மதில் ஃபயர்வால் எனப்படும். அம்மதிலில் எந்த வாயிலைத் திறப்பது, யாருக்குத் திறப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வலையில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி உண்டு. ஒரே முகவரியில் பல பணிகள் நடைபெறுவதால், இன்ன பணிக்கு இன்ன வாயில் என்று எண் இட்டிருக்கின்றனர். இதுவே போர்ட். இவ்வெண்கள் 0 முதல் 65,535 வரை செல்லும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சர்வருக்கு 1433, ஆரக்கிளுக்கு 1521, மை எஸ்.கியூ.எல்.லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432 என்பது வழக்கம்.

ஒரே கணினியில் எஸ்.கியூ.எல். சர்வரின் பல பிரதிகள் இயங்கும்போது சிக்கல் எழுகின்றது. பெயரிட்ட பிரதி ஒவ்வொன்றும், நாம் எண் குறித்துக் கொடாவிட்டால், கிடைத்த எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும்; அவ்வெண் பின்னொரு நாள் மாறவும் கூடும். வந்தவருக்கு எண்ணைச் சொல்லி அனுப்பும் பணியாள் ஒருவன் 1434 ஆம் வாயிலில் அமர்ந்திருப்பான். மதிலுக்குள் இருப்போருக்கு இது வசதி. வெளியிலிருந்து வரவேண்டுமாயின், மாறும் எண்ணுக்காக ஆயிரக்கணக்கான வாயில்களைத் திறந்து வைக்க நேரிடும்.

அதனால் வரும் கேடு கற்பனையன்று. 2003 ஜனவரி 25 அன்று ‘ஸ்லாமர்’ என்னும் கணினிப்புழு இந்த 1434 ஆம் வாயில் வழியே புகுந்தது. அதன் அளவு 376 பைட் மட்டுமே. ஏறத்தாழ 75,000 கணினிகளைப் பற்றியது. அவற்றுள் பெரும்பாலானவை முதற் பத்து நிமிடங்களிலேயே வீழ்ந்தன. அமெரிக்காவில் பணம் வழங்கும் இயந்திரங்கள் நின்றன. சியாட்டில் நகரையடுத்த ஓர் அவசர உதவி மையத்தில் ஊழியர்கள் காகிதத்தில் குறிப்பெழுதிப் பணி செய்ய நேர்ந்தது. அக்குறையை நீக்கும் திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதனை இடாதவர்களும், வெளியுலகுக்குத் தேவையற்ற ஒரு வாயிலைத் திறந்து விட்டவர்களுமே அகப்பட்டனர்.

ஆகவே செய்யத்தக்கது யாது? முதலாவதாக, தரவுத்தளத்துக்கு மாறாத ஓர் எண்ணை அமைப்பிலேயே குறித்துவிட வேண்டும். 1023 வரையுள்ள எண்கள் பொதுப் பணிகளுக்கு உரியவை, அவற்றைத் தவிர்க்க. கணினிகள் தம் வெளித்தொடர்புக்குத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் எண்கள் விண்டோஸில் 49,152 இலிருந்தும், லினக்ஸில் பெரும்பாலும் 32,768 இலிருந்தும் தொடங்கும், அவற்றையும் தவிர்க்க. இடைப்பட்டவற்றுள், அக்கணினியில் வேறெந்தப் பணியும் கொள்ளாத ஒன்றைத் தேர்க. எஸ்.கியூ.எல். சர்வரில் இணைவோர் சர்வரின் பெயரை அடுத்துக் காற்புள்ளி இட்டு அவ்வெண்ணை எழுதினால், வழி கேட்க வேண்டியதில்லை. 1434 ஐ மதிலில் மூடிவிடலாம்.

இரண்டாவதாக, அந்த ஒரே வாயிலையும், நாடி வரவேண்டிய கணினியின் முகவரிக்கு மட்டுமே திறக்க வேண்டும். கோட்டைக் கதவை அகலத் திறவாமல் திட்டிவாசல் வழியே அறிந்தவரை மட்டும் விடுவது போன்றது இது. மறுமொழி திரும்பிச் செல்லத் தனி வாயில் திறக்கவேண்டும் என்று சிலர் எண்ணுவர். இக்காலத்து ஃபயர்வால் தான் உள்ளே விட்ட தொடர்பை நினைவில் வைத்து, அதன் மறுமொழியைத் தானே அனுப்பிவிடும்.

மூன்றாவதாக, வழக்கமான எண்ணை மாற்றினால் போதும், கள்வர் அறியார் என்று நம்பியிருத்தல் தகாது. ஒரு கணினியின் 65,535 வாயில்களையும் தட்டிப் பார்க்கும் கருவிகள் உண்டு. அதற்கு நெடுநேரமும் ஆகாது. எண் என்பது வீட்டு இலக்கம் போன்றது, பூட்டு ஆகாது. கடவுச்சொல்லும், வழியில் செல்லும் செய்தியை மறைக்கும் குறியாக்கமும், காலத்தில் இடும் திருத்தங்களுமே பூட்டு.

பிறருடைய நோயும் பணமும் பற்றிய குறிப்புகளைக் காப்போர், தாம் திறந்த ஒவ்வொரு வாயிலுக்கும் காரணம் எழுதி வைத்தல் நன்று. காரணம் எழுத இயலாத வாயிலை அன்றே அடைத்துவிடலாம்.