கை வந்து தங்கும் இடம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வில்வித்தை என்றதும் நம் நெஞ்சில் எழுபவன் அருச்சுனன். மரத்தையும் கிளையையும் காணாது, பறவையின் கண்ணொன்றையே கண்டான் எனச் சிறுவயதிற் கேட்டோம். ஆகவே வில்லாளிக்குக் கண்ணே பிரதானம் என்று நானும் எண்ணியிருந்தேன். ஆனால் 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிலே, கண்பார்வை குன்றிய கொரிய வீரர் இம் டொங்-ஹியுன் 72 அம்புகளில் 720க்கு 699 புள்ளிகள் பெற்று, அந்நாளில் புதிய உலக சாதனை நாட்டினார். கூரிய கண்ணிலும் மேலானது, ஒவ்வோர் அம்பையும் ஒரே விதமாக எய்யும் பழக்கம் என்பது இதனாற் புலனாகின்றது.

அப்பழக்கத்தின் அத்திவாரம், நாணை இழுத்த கை முகத்தில் வந்து தங்கும் இடம். ஆங்கிலத்தில் இதனை நங்கூரம் என்று பொருள்படும் சொல்லாலேயே அழைப்பர். துவக்கிலே முன்குறி, பின்குறி என இரண்டுண்டு. ஒலிம்பிக்கில் வழங்கும் றீகேர்வ் வில்லில் முன்குறி மாத்திரமே உண்டு. பெயர்போ வில்லில் அதுவுமில்லை, அம்பின் முனையே குறியாகும். இரண்டிலும் பின்குறியின் வேலையைச் செய்வது, கண்ணுக்கும் அம்பின் பின்னுனிக்கும் உள்ள இடைவெளியே. 70 சென்ரிமீற்றர் நீளமான அம்பின் பின்னுனி 3 மில்லிமீற்றர் தாழ்ந்தால், 70 மீற்றர் தொலைவில் அம்பு ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் உயர்ந்துவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவோ 12.2 சென்ரிமீற்றர்தான்!

றீகேர்வ் வீரர், சுட்டுவிரல் தாடையெலும்பின் கீழ்ப் படியவும், நாண் மோவாயையும் மூக்கையும் தொடவும் இழுப்பர். பெயர்போ வீரர் பலர், அம்பு கண்ணுக்கு அண்மையில் இருக்கும்பொருட்டு, விரலைக் கடைவாயிற் பதிப்பர்.

நான் பழகத் தொடங்கிய நாட்களில் அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறின. வில்லைக் குறை கூறினேன். காற்றைக் குறை கூறினேன். அருகில் நின்ற நண்பரொருவர், "நீர் ஒருமுறை வாயை மூடுகிறீர்; மறுமுறை திறக்கிறீர்" என்றார். வாய் திறந்தால் தாடை தாழும். தாடையோடு கையும் தாழும். அன்றுமுதல் பற்களை மெல்லச் சேர்த்து, இலக்கு ஒட்டாத வைக்கோற்கட்டின் முன் சில அடி தூரத்தில் நின்று, கை தங்கும் இடத்தை மட்டும் மனத்திலிருத்திப் பழகினேன்.

சில வாரங்களின் பின் இலக்கை நோக்கி எய்தபோது, அம்புகள் நடுவிற் சேரவில்லை. ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன. சேர்ந்து நிற்பவற்றை நடுவுக்குக் கொண்டுவரலாம். சிதறியவற்றை எங்கே கொண்டுபோவது?

நண்பர்களே, அம்பு தவறினால், வில்லையும் காற்றையும் பழிக்குமுன் நம் கை எங்கே நின்றதெனப் பார்ப்போமாக.