ஒரு நாடகக் கம்பெனியின் வரலாறு
(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கான பிரசங்கம்)



ஊரில் நாடகம் நடந்தால் ராஜபார்ட்டின் பாட்டும் பபூனின் ஹாஸ்யமும் பல நாள் பேசப்படும். விளக்கு அணைந்தபின் அந்தக் கம்பெனியின் அடுப்பு எவ்வாறு எரிகிறது என்று விசாரிப்பவர் சிலரே. கூட்டாகத் தொழில் நடத்துவோர் விசாரிக்க வேண்டியது அதுவேயாகும்.

1918-ஆம் வருஷம் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஸ்தாபிக்கப்பட்டது. ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். நடிகர்கள் சிறுவர்கள்; பெண் வேஷங்களையும் அவர்களே தரித்தனர். ஸ்திரீபார்ட் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் குமாரர்களான சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் அதில் சேர்ந்தனர். சண்முகத்திற்கு அப்போது வயது 6. இளைய சகோதரர் பகவதியும் பின்னர் மேடையேறினார்.

பாலர் கம்பெனிச் சிறுவனுக்கு மூலதனம் அவன் குரலாகவே இருந்தது. மகரக்கட்டு உடைந்துவிட்டால், நேற்றுவரை கதாநாயகியாய்ப் பாடியவன் இன்று மேடைக்கு வேண்டாதவன் ஆவான். கம்பெனியின் லாபத்தில் அவனுக்குப் பங்கு இருக்கவில்லை. பள்ளியில் படிக்க வேண்டிய பிராயமோ கழிந்து போயிருக்கும்.

1922-இல் சுவாமிகள் காலமானார். 1925-இல் அச்சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்னும் சொந்தக் கம்பெனியை ஆரம்பித்தனர். உழைத்தவர்களே உரிமையாளர் ஆயினர்.

உரிமை வந்ததும் கஷ்டம் ஒழிந்தது என்று எண்ணலாகாது. சுற்றித் திரியும் கம்பெனிக்குக் கொட்டகை வாடகை, ஸீன்களையும் உடுப்புகளையும் ஏற்றிச் செல்லும் ரயில் கூலி, கம்பெனி வீட்டில் அனைவருக்கும் இருவேளைச் சாப்பாடு ஆகியவை நாள்தோறும் நிற்கும் செலவுகள். மழை பெய்து நாடகம் நின்றால் வசூல் நிற்கும், பசி நில்லாது. பயிர் பொய்த்த வருஷத்திலும் வட்டி ஏறக் கண்ட குடியானவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் நிலைத்ததற்கு இரண்டு காரணங்கள் தெளிவாகும். முதலாவது, வேலையைப் பங்கிட்டுக் கொண்டமை. சங்கரன் நிர்வாகத்தைக் கவனித்தார். முத்துசாமி நாடகம் எழுதினார். சண்முகமும் பகவதியும் நடிப்பில் முன் நின்றனர். இரண்டாவது, பழைய சரக்கையே நம்பியிராமை. புராண நாடகங்களோடு நில்லாமல், 1931-இல் வெ. சாமிநாத சர்மாவின் நாடகத்தைத் 'தேசபக்தி' என்ற பெயரில் நடித்தனர். குறைந்த சம்பளக் குடும்பத்தின் துயரைக் கூறும் 'குமாஸ்தாவின் பெண்' அதன்பின் வந்தது. 1942-இல் நடந்த 'ஔவையார்' நாடகத்தில் கிழவி வேஷம் தாங்கிய சண்முகத்திற்கு 'ஔவை' என்பதே பட்டமாயிற்று. பாலர் பருவத்திற்குப் பின்னும் நடிகனுக்கு வாழ்வுண்டு என்பதை இவ்வாறு நிரூபித்தனர். 1944-இல் ஈரோட்டில் தமிழ் நாடக மகாநாட்டையும் கூட்டினர்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. அது ஒரு குடும்பத்தின் சொத்து, ஐக்கிய சங்கமன்று. அதில் உழைத்த ஏனைய நடிகர்கள் பங்குதாரர் அல்லர். 1950-இல் நிரந்தரக் கம்பெனி கலைக்கப்பட்டது. சகோதரர்கள் பின்னரும் நாடகங்கள் நடத்தினர். மற்றவர்களோ தத்தம் வழியைத் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

சங்கத்தில் ஒரு பங்கு வைத்திருக்கும் ஏழை அங்கத்தினர், அந்நடிகர்களுக்கு இல்லாத ஓர் உரிமையை உடையவர். மகாசபைக்கு வராமலும், கணக்கைக் கேளாமலும் இருப்பவர் அவ்வுரிமையைத் தாமே கைவிடுகிறார். சம்பளத்துக்கு ஆடியவர்களுக்குக் கிட்டாத அப்பங்கை, கையில் உள்ளவர்கள் வீணாக்காதிருப்பார்களாக.