தந்தையார் பிறந்த நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று தை மாதத்து அத்த நட்சத்திரம்; எம் தந்தையார் பிறந்த நாள். இந்நாளிலே பேச வருமாறு சங்கத்தார் அழைத்தபோது வேறு பொருளைத் தேட எமக்கு மனம் வரவில்லை. ஆதலின் தந்தையாரின் பிறந்த நாள் பற்றியே சில சொற்கள் சொல்ல விழைகின்றோம்.

மறைந்த தந்தையை நினைப்பதற்கு நம் மரபு வகுத்த நாள் திதி நாளாகும். ஆண்டுதோறும் ஆட்டைத் திவசம் செய்கின்றோம். ஆடி அமாவாசையிலே தீர்த்தமாடி எள்ளும் நீரும் இறைக்கின்றோம். அடியார்களுக்கும் குருபூசை அவர்கள் சிவனடி சேர்ந்த நாளிலேதான். நாவலர் பெருமான் 1822 டிசம்பர் 18 இல் பிறந்தார்; குருபூசையோ கார்த்திகை மகத்திலே நடைபெறுகின்றது. ஆகவே, "இறந்தவருக்குப் பிறந்த நாள் எதற்கு?" என்று பெரியோர் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. விடையை எம் வீட்டிலிருந்தே சொல்லுகின்றோம்.

எம் தந்தையார் தலைமன்னார் இறங்குதுறையிலே வேலை பார்த்தவர். 1914 இல் தொடங்கிய தலைமன்னார்–தனுக்கோடிக் கப்பற் போக்குவரத்தை மூத்தோர் அறிவார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுக்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்குப் போயிற்று. தாய் தந்தையருக்குக் கடன் கழிக்க அக்கரை செல்லுவோர் பலர். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரங்களை நிரப்பிக் கொடுப்பார் எம் தந்தையார். வெள்ளி மாலைகளில் எம் வீட்டுத் திண்ணையிலே அயற்பிள்ளைகளைக் கூட்டி, சம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தின்மீது பாடிய பதிகங்களைப் பண்ணோடு சொல்லிக் கொடுப்பார். இரண்டாவது பதிகம் பாதியில் நின்றது.

1990 ஆம் ஆண்டு ஒரு நாட்காலை அரிசி வாங்கிவரப் புறப்பட்டவர் திரும்பவில்லை. எங்கே, எவ்வாறு, எந்நாள் என்று இன்றுவரை எமக்குத் தெரியாது.

ஆண்டுகள் சென்றன. உறவினர் வற்புறுத்தினர். குருக்களையாவும் அன்போடு, "அம்மா, நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையிலே செய்யலாம் என்று விதி இருக்கு" என்றார். எம் தாயார் தலை நிமிர்ந்து சொன்ன மறுமொழி இது: "ஐயா, அவர் போன நாள் எனக்குத் தெரியாது. பிறந்த நாள் தெரியும். அவற்றை பேரிலும் நட்சத்திரத்திலும் ஒரு அருச்சனை செய்து தாங்கோ."

இடம்பெயர்ந்து இருந்த ஊர்களிலெல்லாம், தை அத்தத்திலே, அங்குள்ள கோயிலில் அந்த அருச்சனை நடந்தது. அன்று அவர் விரும்பிய பயற்றங்கஞ்சி காய்ச்சி, அயலவருக்குக் கொடுத்தபின்பே அம்மா உண்பார். நெற்றிப் பொட்டை அவர் இறுதிவரை அழிக்கவில்லை. அதுபற்றிப் பிறர் முணுமுணுத்ததும் உண்டு. அம்முணுமுணுப்பு அவரை எவ்வளவு வருத்திற்று என்பதை அன்று யாம் அறிந்தோமில்லை.

அம்மா சிவபதமடைந்தபின் சகோதரர்கள் கூடி ஆலோசித்தோம். ஆடி அமாவாசையிலே பாலாவியில் நீராடித் தந்தையாருக்கும் தருப்பணம் செய்தோம். அம்மாவின் மனத்துக்கு மாறு செய்துவிட்டோமோ என்ற ஐயம் இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை. ஆயினும் அத்த நாளை விட்டோமில்லை, விடவும் மாட்டோம்.

அன்பர்களே, பிறந்த நாளைப் போற்றுவது பிறரிடம் கடன் வாங்கிய வழக்கமன்று. இராசராச சோழன் பிறந்த ஐப்பசிச் சதயம் தஞ்சையிலே இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகின்றது. அம்மன்னன் பெயரால் நம் மாதோட்டத்திலே இராசராசேச்சரம் என்ற கோயிலைத் தாழிகுமரன் என்பவன் எடுப்பித்தான் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. மன்னனுக்குத் தகும் நாள், துறைமுகத்திலே உழைத்த ஒரு தந்தைக்கும் தகும்.

திதி நாளிலே நாம் கடனைக் கழிக்கின்றோம். பிறந்த நாளிலோ, "இவர் எதற்காக வாழ்ந்தார்? எதனை முடியாமல் விட்டுச் சென்றார்?" என்ற கேள்வி எழுகின்றது. நாவலருடைய தந்தையார் கந்தப்பிள்ளை ஒரு நாடகத்தை எழுதி முடிக்குமுன் இறந்தார். குறையாய்க் கிடந்ததை ஒன்பது வயதுப் பிள்ளை எழுதி நிறைவித்தான் என்று நாவலர் வரலாறு கூறும்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, தாமும் ஒரு குறையை நமக்கு விட்டுச் சென்றார். பாழ்பட்டுக் கிடந்த திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்க வேண்டுமென 1872 இல் எழுதினார். 1879 இல் மறைந்தார். 1893 இல் கோயில் நிலம் மீட்கப்பட்டது. 1948 இல் திருப்பணிச் சபை தோன்றியது. 1976 இல் மகா கும்பாபிடேகம் நிகழ்ந்தது. போரினாற் பல்லாண்டு அடியார் செல்ல இயலாதிருந்த அத்தலத்திலே, கருங்கற் திருப்பணி நிறைவுற்று, 2022 ஜூலையில் மீண்டும் கும்பாபிடேகம் கண்டோம். ஒருவர் நினைத்ததை முடிக்க எத்தனை தலைமுறை வேண்டியிருந்தது பாருங்கள்!

எம் தந்தையார் விட்ட குறை மிகச் சிறியது; பாதியில் நின்ற ஒரு பதிகம். இச்சங்கத்தின் வெள்ளிக்கிழமை வகுப்பிலே நம் பிள்ளைகள் அதனை முழுதும் பாடக் கேட்டபோது, எமக்குக் கண்ணீர் பெருகிற்று.

முடிவாக இரண்டு வேண்டுகோள். இளைஞர்களே, வீட்டிலுள்ள முதியோரிடம் உங்கள் தந்தை, பாட்டனார் பிறந்த நாளையும் நட்சத்திரத்தையும், அவர்கள் செய்த தொழிலையும் கேட்டு ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். இடப்பெயர்விலே பிறப்புப் பத்திரமும் சாதகமும் இழந்த வீடுகள் நம் கரையோரத்தில் அநேகம். சொல்ல வல்லவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

பெரியோர்களே, காணாமற்போன கணவனையோ மகனையோ இன்னும் எதிர்பார்த்திருக்கும் தாய்மார் நம் அயலிலே வாழ்கின்றார்கள். அவர்களிடம், "திதி எப்போது?" என்று கேளாதீர்கள். "அவர் பிறந்த நாள் எது?" என்று கேளுங்கள். அந்த நாளிலே ஒரு தேங்காயும் பழமும் எடுத்துக்கொண்டு, அவர்களுடன் கோயிலுக்குச் செல்லுங்கள்.

இன்று மாலைப் பூசையிலும் எம் தந்தையார் பேரில் அருச்சனை உண்டு. பூசை முடிந்ததும் பயற்றங்கஞ்சி எங்கள் வீட்டிலே. அனைவரும் வந்து உண்டு செல்லுமாறு வேண்டுகின்றோம்.